ஆடி முடித்த ஆட்டங்களை மட்டும் எண்ணுங்கள்: பிளேஆஃப் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப் தேர்வுக் குழுவின் உறுப்பினர்களுக்கும், அந்தக் குழுவுக்கு விதி வகுத்துத் தரும் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

2023 அமெரிக்கன் ஃபுட்பால் சீசனில் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணி 13 ஆட்டங்கள் ஆடி 13லும் வென்றது. டிசம்பர் 2ஆம் தேதி இரவு தன் கான்ஃபரன்ஸான (பல கல்லூரி அணிகள் சேர்ந்த லீக்) அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் பட்டத்தையும் கையில் வாங்கியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தேசியப் பட்டத்துக்கு மோதப்போகும் நான்கு அணிகளின் பெயர்களை நீங்கள் அறிவித்தீர்கள். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாம் இடம். டெக்சஸும் அலபாமாவும் தலா ஒரு ஆட்டத்தில் தோற்றிருந்தன. 2014இல் பிளேஆஃப் தொடங்கியதிலிருந்து அந்த நாள்வரை, ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றில் தோல்வியே இல்லாமல் பட்டம் வென்ற அணி எதுவும் வாசலில் நிறுத்தப்பட்டதில்லை. இந்தப் பையன்கள்தான் முதல்.

பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். 2024 முதல் நான்கு அணிகளுக்குப் பதில் 12 அணிகள் ஆடுகின்றன. பெரிய கான்ஃபரன்ஸின் தோற்காத சாம்பியன் ஒருவர் வெளியே நிற்க இனி வாய்ப்பில்லை என்பார்கள். அது சரிதான். ஆனால் அன்றைக்கு அவர்களை வெளியே தள்ளிய அந்த வரி உங்கள் விதிப் புத்தகத்திலிருந்து நீக்கப்படவில்லை. யாருக்கு எந்த இடம், யார் பன்னிரண்டாவது, யார் பதின்மூன்றாவது என்பதையெல்லாம் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் இல்லாதது இனி வரும் ஆட்டங்களைப் பாதிக்கக்கூடும் என்றால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்ற அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுவதால், உங்களுக்கு மனப்பாடமான சில விஷயங்களை இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கிரிக்கெட் லீக்கில் புள்ளிப் பட்டியல் இருக்கும். மேலே இருக்கும் நான்கு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும், அதில் யாரும் வாய் திறக்க முடியாது. பந்தைக் கையால் வீசியும் ஏந்தி ஓடியும் ஆடும் இந்தக் கல்லூரி ஃபுட்பாலில் அது நடக்காது. மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130க்கும் அதிகமான அணிகள். ஒவ்வொன்றும் ஆடுவது 12 அல்லது 13 ஆட்டம். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று பார்ப்பதுகூட இல்லை. ஆகவே யாராவது உட்கார்ந்து எடைபோட்டாக வேண்டும். 13 பேர் கொண்ட உங்கள் குழு டெக்சஸ் மாநிலத்தில் கிரேப்வைன் நகரத்து ஓட்டல் ஒன்றில் கூடி, வீடியோ பார்த்து, புள்ளிவிவரம் அலசி, ரகசியமாக வாக்களித்து வரிசை போடுகிறது. கல்லூரி விளையாட்டு இயக்குநர்கள், முன்னாள் கோச்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள் என்று எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள். அன்றைய தலைவர் பூ கோரிகன், ஃப்ளோரிடா ஸ்டேட் ரசிகர்களான எங்கள் கான்ஃபரன்ஸைச் சேர்ந்த வட கரோலைனா ஸ்டேட்டின் விளையாட்டு இயக்குநர். தொலைக்காட்சிப் பணத்துக்காக நடந்த சதி இது என்று ஃப்ளோரிடா ஸ்டேட்டின் ஊரான தல்லஹாசியில் பலர் இன்றும் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. நல்ல மனிதர்கள் ஒரு மோசமான விதியைக் கையில் எடுத்துத் தவறான முடிவுக்கு வந்தார்கள் என்றே நம்புகிறேன். அப்படி நம்புவதால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த சீசனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் 'ஐந்தாம் இடம்' என்ற ஒற்றைச் சொல்லில் அது புதைந்துபோய்விட்டது.

மைக் நார்வெல் 2020இல் கோச்சாக வந்தபோது ஃப்ளோரிடா ஸ்டேட் சரிந்து கிடந்தது. பழைய கோச் பாபி பவுடன் கட்டி எழுப்பிய அணி, 2013இல் தேசியப் பட்டம் வென்ற அணி, 2020இல் மூன்றே ஆட்டங்கள் வென்றது. 2021இல் முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. அதில் ஒன்று சொந்த மைதானத்தில், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த ஜாக்சன்வில் ஸ்டேட்டிடம், கடைசி வீச்சில். அன்றைக்கு அந்த ஸ்டேடியத்தில் இருந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். அங்கிருந்து 2022இல் பத்து வெற்றி. 2023 செப்டம்பர் 3ஆம் தேதி ஆர்லாண்டோவில், ஐந்தாம் தரவரிசையில் இருந்த லூயிசியானா ஸ்டேட்டை (எல்எஸ்யூ) 45-24 என்று வென்றார்கள். புதிதாக வந்து சேர்ந்த கியான் கோல்மன் அன்று மட்டும் எதிரணியின் கோல் எல்லைக்குள் மூன்று முறை பந்தைப் பிடித்து மூன்று டச்டவுன் எடுத்தார்.

மூன்று வாரம் கழித்து கிளெம்சன். ஏழு முறை தொடர்ந்து தோற்ற எதிரி, அதுவும் அவர்கள் ஊரில். ஏழு புள்ளி பின்தங்கியிருந்தபோது கேலன் டிலோச் எதிரணிக் குவாட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மடக்கி, பந்தைத் தட்டிவிட்டு, தானே பொறுக்கியெடுத்து 56 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். கூடுதல் நேரத்தில் எங்கள் குவாட்டர்பேக் ஜோர்டான் டிராவிஸ் வீசிய பந்தைக் கோல்மன் மூலையில் பிடிக்க, 31-24. கிளெம்சனின் கிக்கர் கடைசி நேரத்தில் பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் ஒரு எளிய ஃபீல்டு கோலைத் தவறவிட்டதும் உண்மைதான். அதிர்ஷ்டமும் சேர்ந்தால்தான் எந்த அணியும் தோற்காமல் இருக்க முடியும்; அலபாமாவுக்கும் அந்த ஆண்டு அது நடந்தது, பிறகு சொல்கிறேன்.

டிராவிஸ் யார் என்று தெரியாமல் இந்தக் கதை புரியாது. லூயிவில்லில் தொடங்கி, அங்கே இடம் கிடைக்காமல், 2019இல் சொந்த மாநிலத்துக்குத் திரும்பிய பையன். இவனுக்கு ஓட வரும், வீச வராது என்று முதலில் சொன்னார்கள். அணி தரைமட்டமாகக் கிடந்த காலத்தில் அடி வாங்கி, எழுந்து, வீசக் கற்றுக்கொண்டு, அணியோடு சேர்ந்து வளர்ந்தவர். நவம்பர் 18ஆம் தேதி, அந்த ஆண்டின் கடைசி உள்ளூர் ஆட்டம். எதிரே கீழ்ப்பிரிவைச் சேர்ந்த வட அலபாமா. முதல் கால்பகுதியில் பந்தோடு ஓடியவரைப் பிடித்து இழுத்துச் சாய்த்தபோது இடது கால் மடங்கியது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். 13-0 என்று அணி பின்தங்கியிருந்த நேரம் அது. அங்கிருந்து எதிரணிக்கு ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்காமல் 58 எடுத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து கேன்ஸ்வில்லில் ஜென்ம எதிரியான ஃப்ளோரிடாவோடு, டேட் ரோட்மேக்கர் குவாட்டர்பேக்காக இறங்கினார். முதலில் பின்தங்கி, பிறகு டிரே பென்சன் ஓடிப் போட்ட மூன்று டச்டவுன்களால் 24-15 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தில் ரோட்மேக்கருக்குத் தலையில் அடி. ஆகவே சார்லட்டில் நடந்த கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் மூன்றாவது ஆள் இறங்க வேண்டியதாயிற்று: பிராக் கிளென், கல்லூரியில் முதலாண்டு.

சார்லட் ஆட்டத்தை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நீங்கள் பார்த்தது கிளென் வீசிய 55 யார்டு. 21 முறை வீசி எட்டு மட்டும் சேர்ந்தது. அழகான ஆட்டம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அதே மைதானத்தில் மறுபக்கம் நடந்ததைப் பாருங்கள். 15ஆம் தரவரிசைக்குள் இருந்த லூயிவில்லை ஒரு டச்டவுன்கூட எடுக்கவிடவில்லை. பிரேடன் ஃபிஸ்க் தனியாக மூன்று முறை குவாட்டர்பேக்கைத் தரையில் சாய்த்தார். லூயிவில் கோல்கோட்டுக்கு நெருங்கி வந்தபோது டேட்டம் பெத்யூன் பந்தைப் பறித்தார். ஓடுவதற்கென்றே இருக்கும் லாரன்ஸ் டோஃபிலி, குவாட்டர்பேக் நிற்கும் இடத்தில் நேராகப் பந்தை வாங்கி 73 யார்டு பாய்ந்தார். அந்த ஆட்டத்தின் ஒரே டச்டவுனும் அவருடையது. கோச் தன் கையில் இருந்த ஆட்களை வைத்து எப்படி வெல்ல முடியுமோ அப்படி வென்றார். 16-6. ஃபுட்பால் என்பது 11 பேர் ஆடும் ஆட்டம். அதில் எதிரணியைத் தடுக்கிற 11 பேர் வேறு. அந்தப் பதினொரு பேரை நீங்கள் எண்ணவே இல்லை.

அன்று நீங்கள் முதலாம் இடம் கொடுத்த மிச்சிகன், மூன்று வாரத்துக்கு முன் பென் ஸ்டேட்டில் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? அவர்களுடைய குவாட்டர்பேக் மெக்கார்த்தி அந்த ஆட்டம் முழுக்க வீசியது எட்டு முறை, கிடைத்தது 60 யார்டு. இரண்டாம் பாதியில் வீசவே இல்லை என்று சொல்லலாம். ஓடி ஓடியே 24-15 என்று ஜெயித்தார்கள். அதை ஊரே ஆண்மையான ஆட்டம் என்று கொண்டாடியது, பிறகு அந்த அணிதான் தேசியப் பட்டமும் வென்றது. 60 யார்டு வலிமை, 55 யார்டு பலவீனம் என்றால், மைதானத்தில் நடந்ததை அல்ல, வீசுகிறவரின் பெயரைத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று ஆகிறது.

அலபாமாவின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 29 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருந்த ஜார்ஜியாவை அன்று மாலை அவர்கள் 27-24 என்று வீழ்த்தினார்கள். அந்த சீசனின் மிகப் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. எங்கள் கான்ஃபரன்ஸைவிட அவர்களுடையது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் செப்டம்பரில் டெக்சஸிடம் சொந்த ஊரிலேயே 34-24 என்று தோற்றவர்கள். நவம்பர் 25ஆம் தேதி ஆபர்னில், கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் 31 யார்டு வேண்டும் என்ற நிலையில், கடைசி நிமிடத்தில் மூலையில் விழுந்த ஒரு பந்தைப் பிடித்துத் தப்பியவர்கள். அந்த ஒரு பந்து தரையில் விழுந்திருந்தால் இந்த மடலே இல்லை. அலபாமா, ஃப்ளோரிடா ஸ்டேட் இரண்டும் எல்எஸ்யூவோடு ஆடின, இரண்டும் வென்றன. வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கக் கூடாது என்று உங்கள் விதியே சொல்வதால் அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு கணக்கு எந்த விதியாலும் மாறாது: ஒரு அணி தோற்றிருந்தது, இன்னொரு அணி தோற்கவில்லை.

உங்கள் முடிவில் எனக்கு விளங்காத இடம் ஒன்று உண்டு. நவம்பர் 28ஆம் தேதி நீங்கள் வெளியிட்ட தரவரிசையில் ஃப்ளோரிடா ஸ்டேட் நான்காவது, அலபாமா எட்டாவது. டிராவிஸின் கால் உடைந்து அப்போது பத்து நாளாகியிருந்தது. அவர் அந்த ஆண்டு திரும்ப மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் இல்லாமல் ஃப்ளோரிடாவை வென்றதையும் பார்த்துவிட்டுத்தான் நான்காம் இடம் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஆடியது ஒரே ஆட்டம், அதையும் ஜெயித்தார்கள். ஜெயித்ததற்காக ஓர் இடம் கீழே இறக்கினீர்கள். ரோட்மேக்கர் இல்லாததுதான் காரணம் என்றால், அரையிறுதி ஜனவரி 1ஆம் தேதி. குணமாக அவருக்கு ஒரு மாதம் இருந்தது. 2022இல் லூயிவில்லுக்கு எதிராக டிராவிஸ் காயம்பட்டு வெளியேறியபோது உள்ளே வந்து 35-31 என்று ஜெயித்துக் கொடுத்தவர் அதே ரோட்மேக்கர். அந்த வீடியோ உங்களிடம் இல்லாமல் இருந்திருக்காது.

அறிவிப்புக்குப் பிறகு தொலைக்காட்சியில் உங்கள் தலைவர் சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான்: டிராவிஸ் இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட் வேறொரு அணி. இதற்கு உங்கள் விதியில் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. முக்கிய ஆட்டக்காரரோ கோச்சோ இல்லாமல் போனது சீசனின்போது அணியின் ஆட்டத்தைப் பாதித்திருக்கலாம், அதைக் கணக்கில் எடுக்கலாம் என்கிறது விதியின் முதல் பாதி. அது நியாயமானது. காயத்தால் ஒரு வாரம் நட்சத்திர ஆட்டக்காரர் இல்லாமல் தோற்று, அவர் திரும்பிய பிறகு எழுந்து நிற்கும் அணிக்குக் கொஞ்சம் கருணை காட்ட அது உதவும். அதே வாக்கியத்தின் இரண்டாம் பாதிதான் விஷம்: இனி வரப்போகிற ஆட்டங்களையும் அது பாதிக்கக்கூடும் என்றால், அதையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. நடந்ததை எடைபோடச் சொன்ன குழுவுக்கு, நடக்காததை எடைபோடும் உரிமையையும் அந்த அரை வாக்கியம் கொடுத்துவிடுகிறது.

அந்த உரிமையை எல்லோர் மேலும் ஒரே மாதிரி பயன்படுத்தினீர்களா என்றால், அதுவும் இல்லை. பிளேஆஃபின் முதல் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 2014இல் ஓஹாயோ ஸ்டேட்டின் முதல் குவாட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் சீசன் தொடங்குமுன்பே தோள்பட்டைக் காயத்தால் போனார். இரண்டாமவர் ஜே.டி. பாரெட் மிச்சிகனுக்கு எதிராகக் கணுக்கால் உடைந்து போனார். மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ் முதல்முறையாக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே கான்ஃபரன்ஸ் இறுதியில் இறங்கி, விஸ்கான்சினை 59-0 என்று வென்றார். நீங்கள் ஓஹாயோ ஸ்டேட்டை நான்காம் இடத்துக்கு ஏற்றினீர்கள். சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் தோற்ற அணி அது. மூன்றாம் இடத்தில் இருந்த டெக்சஸ் கிறிஸ்டியன் (டிசியூ) அதே நாளில் 55-3 என்று வென்றும் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. மூன்றாம் குவாட்டர்பேக்கோடு ஓஹாயோ ஸ்டேட் அலபாமாவை 42-35 என்றும், இறுதியில் ஆரிகனை 42-20 என்றும் வென்று பட்டத்தைத் தூக்கியது. காயம்பட்ட அணியால் என்ன முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அந்தச் சாட்சியை உருவாக்கியதே நீங்கள்தான்.

59-0 எங்கே, 16-6 எங்கே என்பீர்கள். புள்ளி வித்தியாசத்துக்கு ஆசை காட்டக் கூடாது என்று எழுதி வைத்திருக்கும் குழு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

2024ஐயும் பாருங்கள். ஜார்ஜியாவின் குவாட்டர்பேக் கார்சன் பெக் கான்ஃபரன்ஸ் இறுதியின் முதல் பாதியில் முழங்கை காயத்தால் வெளியேறினார். கன்னர் ஸ்டாக்டன் வந்து, டெக்சஸைக் கூடுதல் நேரத்தில் 22-19 என்று வென்றார்கள். மறுநாள் நீங்கள் ஜார்ஜியாவுக்கு இரண்டாம் இடம் கொடுத்தீர்கள். கொடுத்தது சரி! அவர்கள் மைதானத்தில் சம்பாதித்த இடம் அது. ஒரு வருடத்துக்கு முன் தல்லஹாசிக்குச் சொன்ன காரணம் ஜார்ஜியாவின் ஊரான ஏதென்ஸுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதைத்தான் கேட்கிறேன். ஊருக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது.

மீண்டும் 2023க்கு வருகிறேன். பட்டத்துக்கு வழியில்லாத அணிகள் சீசன் முடிவில் ஆடும் பவுல் ஆட்டங்களில் ஒன்றாக ஆரஞ்சு பவுல் வந்தது. டிசம்பர் 30ஆம் தேதி ஜார்ஜியாவிடம் ஃப்ளோரிடா ஸ்டேட் 63-3 என்று தோற்றது. பவுல் ஆட்டங்களின் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் தோற்றதில்லை. பார்த்தீர்களா, குழு சொன்னது சரி என்று அன்றிரவே பலர் எழுதினார்கள். அன்று களத்தில் நின்றது எந்த அணி என்று அவர்கள் பார்க்கவில்லை. கோல்மன் இல்லை, பென்சன் இல்லை, ஜாரெட் வெர்ஸ் இல்லை, ஜானி வில்சன் இல்லை, ரோட்மேக்கரும் வேறு கல்லூரிக்குப் போக முடிவெடுத்துவிட்டார். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறங்கவில்லை. பட்டத்துக்கான வழி அடைக்கப்பட்ட பிறகு, இன்னும் சில மாதங்களில் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் வேலை கிடைக்கப்போகிற பையன், ஒரு காட்சி ஆட்டத்துக்காக முழங்காலைப் பணயம் வைக்கவில்லை என்று அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த ஏப்ரலில் அந்த அணியிலிருந்து பத்துப் பேர் என்எஃப்எல்லுக்கு எடுக்கப்பட்டார்கள். வெர்ஸ் அடுத்த சீசனில் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருதே வாங்கினார். குவாட்டர்பேக் ஒருவர் போனதும் ஒன்றுமில்லாமல் போன அணியா அது?

டிராவிஸும் எடுக்கப்பட்டார், நியூயார்க் ஜெட்ஸ் அணியில். ஆனால் கால் சரியாகவே இல்லை. ஒரு என்எஃப்எல் ஆட்டம்கூட ஆடாமல் 2025 ஏப்ரலில் ஓய்வை அறிவித்துவிட்டார். நீங்கள் முடிவை அறிவித்த அன்று அவர் எழுதியது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது: என் கால் சீசனின் தொடக்கத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவாட்டர்பேக்கைவிடப் பெரியது என்பதை எல்லோரும் பார்த்திருப்பார்களே என்ற பொருளில் எழுதியிருந்தார். கால் உடைந்து படுத்திருக்கும் ஓர் இளைஞன், தன் காயத்துக்காகத் தன் நண்பர்களிடம் மன்னிப்புக் கேட்கும் இடத்துக்கு உங்கள் விதி அவனைத் தள்ளியது. இதை நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, ஆபத்தும் இருக்கிறது. காயம் தரவரிசையைக் குறைக்கும் என்றால், கோச்கள் காயத்தை மறைப்பார்கள். நவம்பர் கடைசியில் மூட்டு வீங்கிய குவாட்டர்பேக்கை, இரண்டு வாரம் ஓய்வு தேவை என்று மருத்துவர் சொன்னாலும், குழு பார்க்கிறதே என்பதற்காகக் களத்தில் நிறுத்தத் தோன்றும். பையனும் தலையாட்டுவான், இருபது வயதில் யார்தான் என்னால் முடியாது என்று சொல்வார்கள்? ஆட்டக்காரர்களின் உடல்நலம் முக்கியம் என்று ஒவ்வொரு மேடையிலும் பேசும் பல்கலைக்கழகத் தலைவர்களே, இந்த விதியில் கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள்தான்.

ஃப்ளோரிடா ஸ்டேட் 1947 வரை பெண்கள் கல்லூரி. அந்த ஆண்டுதான் ஃபுட்பால் அணி உண்டானது. ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. 1962இல் ஜார்ஜியாவுக்குப் போய் வென்றபோது அங்கிருந்து ஒரு துண்டுப் புல்தரையைப் பெயர்த்து எடுத்து வந்தார்கள். பயிற்சித் திடலுக்குப் பக்கத்தில் அதைப் புதைத்து, மேலே எதிரணியின் பெயரும் புள்ளியும் பொறித்த சின்னக் கல் நட்டார்கள். இன்றும் வெளியூரில் பெரிய ஆட்டங்களை வென்றால் அதே வழக்கம்தான். அந்தக் கற்களில் யார் குவாட்டர்பேக், யாருக்குக் காயம் என்றெல்லாம் எழுதுவதில்லை. ஜெயித்த ஊரும் புள்ளியும் மட்டும்தான்.

நான் கேட்பது இரண்டு.

விதியில் அந்த அரை வாக்கியத்தை நீக்குங்கள். சீசனில் நடந்ததைக் காயம் எப்படிப் பாதித்தது என்பதை நீங்கள் தாராளமாகப் பேசுங்கள். இனி நடக்கப்போவதை எப்படிப் பாதிக்கும் என்பதை ஆடுகிறவர்களிடம் விட்டுவிடுங்கள். 2014இல் கார்டேல் ஜோன்ஸ் என்ன செய்வார் என்று அந்த டிசம்பரில் உங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவரைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஆடவிடுவதுதான்.

இரண்டாவது, வாக்குகளை வெளியிடுங்கள். வாராவாரம் வேண்டாம், அழுத்தம் வரும் என்பது எனக்கும் புரிகிறது. கடைசி ஞாயிறு அன்று, அறிவிப்பு முடிந்த பிறகு, யார் யாரை எந்த இடத்தில் வைத்தார்கள் என்று ஒரு பக்கம் போதும். 2023 டிசம்பர் 3ஆம் தேதி 13 பேரும் ஒருமனதாக இருந்தார்களா, ஒரு வாக்கில் போனதா என்பது அந்தப் பையன்களுக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள் வீசிய ஒவ்வொரு பந்தும், தவறவிட்ட ஒவ்வொரு பந்தும் பேர் போட்டு ஊருக்கே தெரிகிறது. அவர்களை எடைபோட்டவர்களின் கணக்கும் தெரிந்தாக வேண்டும்.

விதியைத் திருத்தும் அதிகாரம் பல்கலைக்கழகத் தலைவர்களிடம் இருக்கிறது என்பதால் இதை அவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஆனால் தேர்வுக் குழுவிலிருந்தே, இந்த வாக்கியம் எங்களுக்கு வேண்டாம் என்ற குரல் எழுந்தால் அதை அவர்கள் தட்ட முடியாது. சீசனின் முதல் தரவரிசை நவம்பர் தொடக்கத்தில் வருகிறது. அதற்கு முன்பே அந்தக் கோரிக்கையை எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஃப்ளோரிடா ஸ்டேட்டின் தமிழ் ரசிகன் ஒருவன்